மேட்டைத் தூக்கிப் பார்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் வேறு எந்த வேலையும் நடக்காது. காரைக் கழுவி முடித்தால்தான் மற்றதெல்லாம். பண்ருட்டிப் பக்கம் அண்ணாகிராமத்தில் எங்கள் தெருவுக்கு அது ஒன்றுதான் கார். 1998ல் அப்பா கரும்புப் பணத்தையும் முந்திரிப் பணத்தையும் சேர்த்து எடுத்த வெள்ளை அம்பாசடர். இசுசு எஞ்சின் வைத்த 1800 சிசி பெட்ரோல் வண்டி. விடிந்ததும் அதை மோட்டார் கொட்டகைக்கு ஓட்டிப் போவோம். தொட்டியில் கொட்டும் தண்ணீரை மொண்டு ஊற்றுவது என் வேலை. தெருப் பிள்ளைகள் பழைய வேட்டிக் கிழிசலோடு வந்து ஆளுக்கொரு கதவைப் பிடித்துக்கொள்வார்கள்.

துணி துவைக்கிற சோப்புத் தூள்தான் ஷாம்பு. பம்பருக்கும் கிரில்லுக்கும் மண்ணெண்ணெயில் குழைத்த பல்பொடி. டேஷ்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய். டயர் கறுப்பாகத் தெரிய எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயில். எல்லாம் முடிந்து, பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கிரில்லில் வாழைக்கன்று கட்டினால் வண்டி கல்யாண மாப்பிள்ளை போல நிற்கும். எங்களுக்கு அதோடு வேலை முடிந்தது. அப்பாவுக்கு அப்போதுதான் ஆரம்பம்.

நான்கு கதவுகளையும் திறந்து வைப்பார். தரையில் கிடக்கும் ரப்பர் மேட் ஒவ்வொன்றையும் உருவி எடுத்து முன்பக்கச் சுவரில் தொங்கவிடுவார். பிறகு குனிந்து, வெறும் கையால் தகட்டை மூலை மூலையாகத் தடவிப் பார்ப்பார். ஈரம் பட்ட இடத்தில் துணியை அழுத்தி எடுப்பார். கடைசியாகத் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை ஒடித்துக்கொண்டு, கதவுகளின் அடி விளிம்பில் இருக்கும் சின்னத் துளைகளில் விட்டுக் குடைவார். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் வெளியே போவதற்கான வழி அது. மண்ணும் வேப்பம்பூவும் அடைத்துக் கிடக்கும். "மேல இருக்கற அழுக்கு கண்ணுக்குத் தெரியும்டா, யாராவது துடைச்சிடுவாங்க. கீழ நிக்கற தண்ணிய நாமதான் தேடிப் போவணும்" என்பார்.

பூஜைக்கு மட்டுமில்லை, ஐப்பசி கார்த்திகையில் மழை விட்ட ஒவ்வொரு முறையும் இது நடக்கும். சுவரில் எங்கள் மேட் தொங்குவதைப் பார்த்தால், இனி மழை இல்லை என்று பக்கத்து வீட்டு ஆயா ஈரத்துணிகளை அள்ளிக்கொண்டு வெளியே வருவார். அப்பா வானத்தைப் பார்க்காமல் மேட் போடமாட்டார் என்று அவருக்கு நம்பிக்கை.

அந்தக் கார் எங்களுடையது என்று சொன்னால் தெரு ஒப்புக்கொள்ளாது. பண்ருட்டிச் சந்தைக்குப் பலாப்பழம் ஏறியது அதில்தான். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்கள் கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதும், ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் போக ஒன்பது பேர் அடைந்து உட்கார்ந்ததும் அதில்தான். அத்தனை பேர் ஏறியதால் அத்தனை பேரும் துடைத்தார்கள்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டி வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே நாளில் வேரோடு சாய்ந்தன. எங்கள் வீட்டுப் பலா, கார் நின்ற கொட்டகை மேலேயே விழுந்தது. கூரைத் தகடு நசுங்கிப் பின்கண்ணாடி நொறுங்கி, சீட்டெல்லாம் தண்ணீர். தோப்பு போன துக்கத்தில் ஊரே வாயடைத்துக் கிடந்தது. காற்று அடங்கிய மறுநாள், அப்பா சீட்டுகளைக் கழற்றித் திண்ணையில் சாய்த்தார். மேட்டைச் சுவரில் போட்டார். கரண்ட் இல்லாத அத்தனை நாளும் கதவுகளைத் திறந்து வைத்து வெயிலையும் காற்றையும் உள்ளே விட்டார். நசுங்கிய கூரையைச் சில மாதம் கழித்துத்தான் டிங்கரிங் பார்த்தோம். ஆனால் தரைத் தகட்டில் ஒரு பொட்டுத் துரு பிடிக்கவில்லை.

2014 மே மாதம் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. 1950களின் கடைசியில், பிரிட்டிஷ் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் அச்சில் பிறந்த வண்டி அது. செய்தியைப் படித்துவிட்டு அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அடுத்த கோடையில் அவரும் போய்விட்டார்.

அந்த வருடம் நவம்பர் 9ஆம் தேதி, நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பண்ருட்டிப் பக்கம் விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் வெள்ளம் உயிர்களையே கொண்டுபோனது. எங்கள் வாசலில் கார் கதவின் அடி விளிம்பு வரை தண்ணீர் நின்றது. நான் சென்னையில் இருந்தேன். அம்மாவிடம் போனில், வண்டி முழுகவில்லையே, அது போதும் என்றேன். பொங்கலுக்கு வந்து கதவைத் திறந்தபோது புளித்த வாடை வந்தது. கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு, இரண்டு நாளில் மறுபடி ஏற்றிப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். மேட்டைத் தூக்கவில்லை. இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான்.

வெள்ளம் வந்து எட்டு வருடம் கழித்து 2023ல் ஊரோடு வந்து சேர்ந்தேன். காரைப் பழையபடி ஆக்கிவிட வேண்டும், அதை என் கையாலேயே செய்ய வேண்டும் என்று ஒரு வெறி. யூடியூபில் பார்த்துப் பார்த்துச் சாமான் சேர்த்தேன். மைக்ரோ ஃபைபர் துணி, கார் ஷாம்பு, பெயிண்டில் பதிந்த தூசியை இழுக்கும் களிமண் மாதிரியான கிளே, ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ், வாக்ஸ்.

உண்மையில் நிறையக் கற்றுக்கொண்டேன். அப்பா காலத்துச் சோப்புத் தூள் அழுக்கோடு பெயிண்டின் மேலிருந்த மெழுகையும் கழுவிக்கொண்டு போயிருக்கிறது. தேங்காய் எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்து டேஷ்போர்டைப் பிசுபிசுக்க வைத்திருக்கிறது. பழைய ஆயில் டயர் ரப்பரை ஊதவைக்கும். வெயிலில் நிறுத்தி போர் தண்ணீரில் கழுவினால், நீர் ஆவியாகி உப்பு மட்டும் வட்ட வட்டமாகத் தங்கிவிடும். தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்துத்தான் அந்த வட்டங்களைக் கரைத்தேன். பம்பரில் பூத்த துருவுக்குப் பல்பொடி வேண்டாம். சாப்பாட்டுப் பொட்டலத்தில் வரும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமைவிட மெத்தென்றது. துருவை எடுக்கும், குரோமில் கீறல் விழாது.

கழுவித் துடைத்த பானெட்டில் வெறும் விரலை ஓட்டினால் வழவழப்பாகத்தான் இருந்தது. கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு மறுபடி தடவினேன். மணல் தாள் போல நறநறத்தது. பல வருடத்துப் புகையும் இரும்புத் தூளும் பெயிண்டில் குத்திக்கொண்டு நிற்பதைப் பைக்குள் இருக்கும் விரல்தான் காட்டிக்கொடுக்கிறது. ஷாம்புத் தண்ணீர் தெளித்து, கிளேயை உருட்டித் தட்டையாக்கி மெதுவாக ஓட்டினேன். முதலில் கரகரவென்று இழுத்து, நாலைந்து தடவைக்குப் பிறகு சத்தமே இல்லாமல் வழுக்கியது. திருப்பிப் பார்த்தால் கிளே செம்மண் நிறம்.

அடுத்து ரப்பிங். எங்கள் வண்டியின் வெள்ளைப் பெயிண்டுக்கு மேலே கிளியர் கோட் கிடையாது. வெயிலில் வெந்து சுண்ணாம்பு பூத்த மேல் பரப்பைத் தேய்க்கத் தேய்க்க, துணியில் வெள்ளை ஒட்டிக்கொண்டே வந்தது. தேய்ந்து வருவது பெயிண்டேதான், அதனால் விளிம்புகளில் கை அழுத்தக்கூடாது. பத்து நாள், காலை ஏழு மணிக்குள் மட்டும், தகடு சூடேறும் முன். பதினோராம் நாள் பானெட்டில் எங்கள் வீட்டுத் தென்னை மரம் கீற்றுக் கீற்றாகத் தெரிந்தது. அம்மா வந்து அதில் முகம் பார்த்தார்.

வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு பண்ருட்டியில் ஒரு டிங்கரிடம் போனேன், பின்கதவுப் பூட்டைச் சரிசெய்ய. அவர் வண்டியைச் சுற்றி வந்து தலையாட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தவர் மேட்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் தரையைத் தட்டினார். முதல் தட்டு டங்கென்றது. இரண்டாவது தட்டில் கைப்பிடி உள்ளே போய்விட்டது. துரு, கற்கண்டு போல உதிர்ந்தது. ஓட்டை வழியாகப் பட்டறைத் தரையின் ஆயில் கறை தெரிந்தது.

"மேல நல்லா வேல செஞ்சிருக்கீங்க தம்பி. ஆனா இது லாரி மாதிரி கிடையாது. இதுக்குத் தனியா சேஸிஸ் இல்ல, பாடிதான் சேஸிஸ். தரை போச்சுன்னா வண்டி போச்சு" என்றார். பிறகு மெதுவாக, "முன்ன யாரு பாத்துக்கிட்டாங்க?" என்று கேட்டார். "அப்பா" என்றேன். "தெரியுது. கூரையில அடிபட்ட வண்டி, மத்த இடமெல்லாம் கெட்டியா இருக்கு. பெரிசா தண்ணி நின்னது ஒரே ஒரு தடவைதான்."

அந்த ஒரே தடவை எது என்று எனக்குத் தெரியும்.

மூன்று வாரம் வேலை நடந்தது. பேட்டரியைக் கழற்றி, சீட்டுகளை இறக்கி, மக்கிப்போன தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தார். லேசான துருவுக்கு நானே பிரஷ்ஷால் ரஸ்ட் கன்வெர்ட்டர் பூசினேன். சிவப்புத் துரு கண்முன்னே கறுத்துக் கெட்டியானது. இரும்புக் கத்தியில் கடுக்காய்ச் சாறு பட்டால் கறுக்குமே, அதே மாதிரி வேதிமாற்றம். அதன்மேல் ரெட் ஆக்சைடு, அடியில் அண்டர் கோட்டிங். கோட்டிங் அடிக்கும் முன்னால், வீட்டிலிருந்து கொண்டுபோன ஈர்க்குச்சிகளைத் தண்ணீர் வடியும் துளைகளில் ஒவ்வொன்றாகச் செருகி வைத்தேன். இல்லாவிட்டால் அந்தக் கறுப்புப் பசையே துளைகளை அடைத்துவிடும். கதவு ரப்பர் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்தது. 2018லேயே முடிந்திருந்த ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 15 வருடம் தாண்டிய காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆகியிருந்தது. தாமதக் கட்டணமும் பசுமை வரியும் தனி. மனம் நோகாமல் கட்டினேன்.

பின்சக்கர டிரம்மைத் திறந்து பிரேக் லைனிங் மாற்றியபோது மெக்கானிக் ஒன்று சொன்னார். முந்திரிக்கொட்டைத் தோலில் இருந்து பிழியும் எண்ணெயைப் பிசினாக்கிப் பொடித்து, பிரேக் லைனிங்கில் சேர்க்கிறார்கள். சூட்டைத் தாங்கவும் சீராகப் பிடிக்கவும் அது உதவுகிறதாம். தோலை உரிக்கும்போது கையைப் பொத்துப்போக வைக்கும் அந்த எண்ணெயை எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். விரலில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அவர்கள் கை பொசுங்கி எடுத்த கொட்டையின் மிச்சம் உலகத்தின் வண்டிகளை நிறுத்துகிறது. டிரம்முக்குள் மறைந்திருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் எந்தப் பாலிஷ் நல்லது என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். பளபளப்பு எனக்கும் பிடிக்கும். அம்மா முகம் பார்த்ததை மறக்கமாட்டேன். ஆனால் பத்து நாளில் கொண்டுவந்த பளபளப்பு இரண்டு வருடத்தில் மங்கினால் இன்னொரு பத்து நாளில் வந்துவிடும். உள்ளே மக்கிய தகடு திரும்பி வராது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் பாலிஷின் பெயரைச் சொல்லும் முன்னால், இன்றைக்கே மேட்டைத் தூக்கிக் கையால் தடவிப் பாருங்கள் என்கிறேன். அப்பா பல்பொடியிலும் பழைய ஆயிலிலும் தவறியிருக்கலாம். வண்டி எங்கே சாகும் என்பதில் அவர் தவறவில்லை.

போன ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் காலை வெளுத்தது. நான்கு கதவுகளையும் திறந்து, மேட்டுகளை உருவிச் சுவரில் போட்டேன். குனிந்து தகட்டைத் தடவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் கதவு திறந்தது. ஆயா இப்போது இல்லை. அவர் மருமகள் வெளியே வந்து, சுவரைப் பார்த்துவிட்டு உள்ளே போய், ஒரு கூடை ஈரத்துணியோடு திரும்பி வந்தார்.