பெட்டிக்கடைப் பலூன் அட்டையில் நிகழ்தகவும் நீதியும்: மம்சாபுரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சூதாட்டம் பற்றிய நம் ஆராய்ச்சிகள் எல்லாம் அரண்மனை வாசலிலேயே நின்றுவிட்டன. தருமன் நாட்டை வைத்துத் தோற்றான், நளனும் தோற்றான், வள்ளுவர் 94-ஆம் அதிகாரம் முழுக்கச் சூதுக்கே ஒதுக்கி எச்சரித்தார். பத்துப் பைசாவை வைத்துத் தோற்றவனைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கட்டுரை. ஆய்வுக்களம், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி இருக்கும் மம்சாபுரம் பேரூராட்சி. காலம், பத்துப் பைசாவுக்கு மரியாதை இருந்த காலம்.

சூதாட்டசாலை என்பது இங்கே பெட்டிக்கடை. அதன் ஒரே எந்திரம், வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய அட்டை. அட்டையின் மேல்பாதியில் பலூன்கள், சின்னதிலிருந்து பெரியதுவரை, எண் போட்டுக் கட்டப்பட்டிருக்கும். உச்சியில் இருப்பது தலைப் பலூன். கீழ்ப்பாதியில் மடித்து ஒட்டிய சீட்டுகள். காசைக் கொடுத்து ஒன்றைக் கிழிக்க வேண்டும். பிரித்தால் எண் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எண் இல்லாதவர்க்கு ஆறுதல் பரிசாக ஒரு புளிப்பு மிட்டாய். இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான் நடிகர் பட அட்டையும், உள்ளே காசு கிடக்கும் என்று நம்பி வாங்கிய அப்பளப் பொட்டலமும். இடம் கருதி அவற்றை விட்டுவிடுகிறேன்.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத்தில் பழைய சூதாட்ட விடுதிகளோடு இதை ஒப்பிட்டால் நம் கடைக்காரர்களின் மேதைமை விளங்கும். அங்கே பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ என்ற விடுதியில் பத்தாயிரம் டாலர் நோட்டுகள் நூறைக் கண்ணாடிக்குள் வைத்து, பத்து லட்சம் டாலரோடு இலவசமாகப் படம் பிடித்துக் கொடுத்தார்கள். பார்த்தவன் ஆடுவான் என்பது கணக்கு. எங்கள் கடைக்கார அண்ணாச்சி தலைப் பலூனை உச்சியில் கட்டியதும் அதே கணக்கில்தான். இன்னொரு விடுதியான கோல்டன் கேட், 1959-இல் ஐம்பது சென்ட்டுக்கு ஒரு கிண்ணம் இறால் கொடுத்து ஆட்களை உள்ளே இழுத்தது. அதிலும் ஐம்பது சென்ட் தனியாகக் கொடுக்க வேண்டும். எங்கள் புளிப்பு மிட்டாய் தோற்றதற்காகவே கிடைத்தது. தோற்றவனை வெறுங்கையோடு அனுப்பாத சூதாட்டசாலை உலகில் எத்தனை?

இனி கணக்குக்கு வருவோம். ஓர் அட்டையில் நூறு சீட்டு, சீட்டு பத்துப் பைசா என்று வைத்துக்கொள்வோம். மொத்த வசூல் பத்து ரூபாய். பலூனும் மிட்டாயுமாகக் கடைக்காரர் திருப்பித் தருவது ஆறு ரூபாய்ப் பொருள் என்றால், நூற்றுக்கு நாற்பது அவருக்கு நிற்கிறது. ஒரே ஒரு பூஜ்யம் உள்ள ரூலெட் சக்கரத்தில் விடுதிக்காரனுக்கு நிற்பது நூற்றுக்கு 2.7. திருவிழாக் கூட்டத்தில் ஆறு படம் போட்ட துணியை விரித்து ஆடிய லங்கர் கட்டையில்கூட, மூன்று கட்டைகளும் யோக்கியமாக உருண்டால், நூற்றுக்கு எட்டுக்குச் சற்றுக் குறைவுதான். ஆக, அண்ணாச்சி உலகின் மிகப் பேராசை பிடித்த சூதாட்டசாலை முதலாளி என்று ஒரு முடிவுக்கு வரலாம்.

அந்த முடிவு அவசரமானது. ரூலெட் சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. பலூன் அட்டைக்கு உண்டு. கிழித்த சீட்டு போனது போனதுதான். எத்தனை சீட்டு மிச்சம், எந்தெந்தப் பலூன் இன்னும் தொங்குகிறது என்பதை உப்பு வாங்க வந்த பையனும் எண்ணிவிடலாம். கடைத்தெருவில் இரண்டு ரூபாய் பெறும் தலைப் பலூன் அப்படியே இருக்க, சீட்டு இருபதுதான் மிச்சம் என்றால், இரண்டு ரூபாய் கொடுத்து இருபதையும் கிழித்துவிடலாம். பலூனிலேயே போட்ட காசு வந்துவிடும். மிட்டாய்கள் அத்தனையும் சுத்த லாபம்.

1729 வாக்கில் பாரிஸ் நகரத்தில் நடந்த ஒரு லாட்டரியில், எல்லாச் சீட்டுகளின் விலையையும் கூட்டினாலும் பரிசுத்தொகை அதைவிட அதிகம் என்பதை லா கோந்தமீன் என்ற கணித அறிஞர் கண்டுபிடித்தார். அவரும் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரும் கூட்டுச் சேர்ந்து சீட்டுகளை வாரி வாங்கினார்கள். வால்டேர் பிறகு வாழ்நாள் முழுக்கக் காசுக் கவலை இல்லாமல் எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். மம்சாபுரத்துப் பையன்கள் வால்டேரைப் படித்தவர்கள் அல்லர். எந்தப் பையனிடமும் இரண்டு ரூபாய் மொத்தமாக இருந்ததில்லை என்பதால் இங்கும் கூட்டுச் சேர வேண்டியதாயிற்று, அவ்வளவே. ஆனால் வால்டேருக்கு வராத ஒரு சிக்கல் இவர்களுக்கு வந்தது. பணத்தைப் பங்கு போடலாம், பலூனைப் போட முடியாது. மூன்று பங்காளி, ஒரு பலூன். யார் ஊதுவது, யார் கட்டுவது, ராத்திரி யார் வீட்டில் இருப்பது? ஆளுக்கொரு நாள் என்று முடிவானால், மூன்றாம் நாள்காரனுக்குக் கிடைப்பது சுருங்கிப்போன ரப்பர். கூட்டு வணிகம் பற்றிய சட்டங்கள் இந்த நிலையை எதிர்பார்க்கவே இல்லை.

கடைக்காரர் தரப்பையும் சொல்ல வேண்டும். சீட்டு குறையக் குறைய அவர் முகம் மாறும்.

“அண்ணாச்சி, மிச்சம் எல்லாத்தையும் நாங்களே கிழிக்கோம்.”

“ஏலே, ஆளுக்கு ஒண்ணுதான். மத்த பிள்ளைகளுக்கு வேண்டாமா?”

மறுநாள் பார்த்தால் ஆணியில் புது அட்டை தொங்கும். பழைய அட்டை என்னவாயிற்று என்பதில் இரு கருத்துகள் உண்டு. தலைப் பலூனுக்கான சீட்டு அட்டையில் ஒட்டப்படவே இல்லை, அது தனியாகக் கடைக்காரர் கையில் வந்துவிடும் என்பது தீவிரவாதிகள் கட்சி. தொங்கல் சரக்கை விற்றுத் தீர்க்கப் பொறுமையில்லாமல் எடுத்துவிட்டார் என்பது மிதவாதிகள் கட்சி. அண்ணாச்சியின் பேரன் அந்த வாரம் பெரிய பலூனோடு தெருவில் போனதை முதல் கட்சியார் சான்றாகக் காட்டுவர். சந்தர்ப்ப சாட்சியம் என்பதால் நான் அதை ஏற்கவில்லை. நிராகரிக்கவும் மனம் வரவில்லை.

பலூன் அட்டையில் தேர்ச்சி பெற்றவர் மேற்படிப்புக்குப் போனது லாட்டரிக்கு. 1968-இல் அண்ணா ஆட்சியில் அரசே பரிசுச் சீட்டு தொடங்கியது. “விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு” என்பது அதன் முழக்கம். தோற்றவனைத் தேசபக்தன் ஆக்கிய விளம்பரம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அரசு முத்திரையில் இருப்பது எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்பதால், அரசாங்கச் சீட்டில் எங்கள் வட்டாரத்தாருக்கு ஒரு பாத்தியதை உணர்வும் இருந்தது. (அது மீனாட்சி கோயில் மேலைக் கோபுரம் என்று மதுரைக்காரர்கள் சொல்வதுண்டு. சொல்லிக்கொள்ளட்டும்.) சீட்டுகள் அச்சாகி வந்ததும் பக்கத்துச் சிவகாசியிலிருந்துதான். பிறகு பூட்டான், சிக்கிம், நாகாலாந்து எல்லாம் கயிற்றில் வரிசையாகத் தொங்கின. தீபாவளி பம்பர், பொங்கல் பம்பர் என்று ஒலிபெருக்கி அலறியது. வடகிழக்குத் திசையின் புவியியலை எங்கள் ஊர் பள்ளிக்கூடத்தில் கற்றதைவிடச் சீட்டுக்கடையில் கற்றதே அதிகம். ஆனால் ஆய்வாளன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பம்பர் பரிசு கண்ணுக்குத் தெரிந்ததில்லை, எத்தனை சீட்டு மிச்சம் என்று எண்ணவும் முடிந்ததில்லை, மிட்டாயும் கிடையாது. கூலி வாங்கிய கையோடு சீட்டுக்கடைக்குப் போன ஆண்களின் வீடுகளில் அடுப்பு அணைந்து கிடந்தது. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனையையே அரசு தடை செய்தபோது அந்த வீட்டுப் பெண்கள் யாரும் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை.

பலூன் அட்டையை எந்த அரசும் தடை செய்யவில்லை. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கடைக்காரர்கள் அவற்றை வாங்க மறுத்துவிட்டார்கள். சூதாட்டசாலைக்குப் பூட்டுப் போட்டது போலீஸ் அல்ல, விலைவாசி.

எஞ்சியிருப்பது சட்டப் பிரச்சினை. 1930-ஆம் ஆண்டுச் சென்னை சூதாட்டச் சட்டம், வெறும் திறமையால் ஆடும் ஆட்டங்களை விட்டுவிடுகிறது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொல்லிவிட்டது. ரம்மியும் அப்படித்தான் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கருதியது. இந்தத் தீர்ப்புகளின் வெளிச்சத்தில், அட்டையின் மூலையில் உள்ள சீட்டைக் கிழித்தால்தான் பலூன் விழும் என்று மம்சாபுரத்தின் மூலைவாதிகள் நெடுங்காலம் கடைப்பிடித்த கோட்பாடும் திறமைதான் என்று வாதிட இடமிருக்கிறது. வழக்குத் தொடுப்பதற்கு ஒரே தடை, மேல் வலது மூலையா கீழ் இடது மூலையா என்பதில் அவர்களுக்குள் இன்றுவரை ஒத்த கருத்து ஏற்படவில்லை.