மூன்று நிமிடம் இருபது விநாடிக் கல்யாணம்

கே: பரண் ஒழித்தபோது மாமனார் எடுத்த பிலிம் சுருள்கள் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடைத்தன. பழைய புரொஜெக்டரும் இருக்கிறது. இன்றைக்கே ஓட்டிப் பார்க்கலாமா? (வாசகி, காரைக்குடி)

ப: இத்தனை வருடம் பொறுத்த சுருள் இன்னும் ஒரு வாரம் பொறுக்கும், நீங்களும் பொறுங்கள். வயதான பிலிம் சுருங்கியிருக்கும். ஓரத்துத் துளையும் புரொஜெக்டரின் பல்லும் பொருந்தாமல், பல் துளையைக் கிழித்துக்கொண்டே போகும். நடுவில் சிக்கி நின்றால் விளக்குச் சூட்டில் அந்த இடம் பொசுங்கிவிடும். அது தாலி கட்டும் இடமாக இருந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

ஜன்னல் வெளிச்சத்தில், ஓரத்தை மட்டும் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். துளை பெரிதாக, இரண்டு படங்களுக்கு இடையே இருந்தால் 1932-இல் வந்த ரெகுலர் 8. சிறிதாக, படத்தின் நடுவுக்கு நேரே இருந்தால் 1965-இல் வந்த சூப்பர் 8. பிலிமை ஸ்கேன் செய்து டிஜிட்டலாக்குபவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

கே: டின்னைத் திறந்தால் ஊறுகாய் ஜாடி மாதிரி புளித்த வாடை அடிக்கிறது. கழுவினால் போகுமா? (வாசகர், திருநெல்வேலி)

ப: தண்ணீரைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். அந்த வாடை பிலிமுக்குள்ளிருந்தே வருகிறது. அசிடேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகிறது. அந்த அமிலமே சிதைவை மேலும் முடுக்கிவிடும். பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். அசிடேட் வகையைச் சேர்ந்த ட்ரையசிடேட் பிலிம் 1948-இல் புழக்கத்துக்கு வந்தது. பத்தாண்டுக்குள் இந்தச் சிதைவைப் பற்றி கோடக் நிறுவனத்துக்குப் போன முதல் புகார் எந்த நாட்டிலிருந்து தெரியுமா? நம் இந்திய அரசிடமிருந்துதான்! நம் ஊர் வெயிலும் புழுக்கமும் அப்படி.

போன ஆயுளை மீட்க முடியாது, மிச்சத்தை நீட்டிக்கலாம். வாடை வரும் சுருள்களைத் தனியே பிரித்து, அவற்றையே முதலில் ஸ்கேனுக்கு அனுப்புங்கள். மொட்டைமாடிச் சூடு இறங்கும் பரணில் மட்டும் திரும்ப வைக்காதீர்கள்.

கே: சுவரில் ஓட்டி, செல்போனில் பிடித்தால் போதாதா? (வாசகர், ஈரோடு)

ப: போதாது. பிலிம் ஓடுவது விநாடிக்கு 16 அல்லது 18 படம். செல்போன் எடுப்பது 30. இரண்டும் ஒத்துப்போகாமல் திரை மினுக்கிக்கொண்டே இருக்கும். நடுவில் வெளிச்சம் கொட்டும், மூலைகளில் நிற்கும் சித்தப்பாக்கள் இருட்டில் மறைவார்கள்.

ஐம்பது அடி சூப்பர் 8 சுருளில் 3,600 படங்கள். ஓடும் நேரம் 3 நிமிடம் 20 விநாடி. கல்யாணத்தையே அதற்குள் அடக்க வேண்டியிருந்ததால், எடுத்தவர் ஒவ்வொரு முகத்தையும் யோசித்து எடுத்தார். அந்த 3,600-ஐயும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யும் இடத்துக்குப் போங்கள். பல்சக்கரம் இல்லாத இயந்திரமா, பழைய வேகத்திலேயே தருவீர்களா என்று கேளுங்கள். வேகத்தை 25 ஆக்கிவிட்டால் தாத்தா பந்தியில் ஓட்டமும் நடையுமாகப் பரிமாறுவார்.

கே: படத்தில் சத்தமே இல்லை. சினிமாப் பாட்டு சேர்க்கலாமா? (வாசகி, சேலம்)

ப: வேண்டாம். வீட்டிலேயே மூத்தவரை உட்காரவைத்துப் படத்தைப் போடுங்கள். "இது யார், அது யார்" என்று அவர் சொல்வதைப் பதிவு செய்து சேர்த்துவிடுங்கள். அதைவிட நல்ல பாட்டு கிடையாது.

கே: எங்கள் வீட்டு விசேஷத்துக்கு இவ்வளவு பாடா? (வாசகர், தஞ்சாவூர்)

ப: இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கா தன் ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமில் இருந்த டேவ் டட்சுனோ, தடையை மீறி வரவழைத்த 8 மி.மீ. கேமராவை ஒளித்துவைத்து, சுற்றியிருந்தவர்களின் அன்றாட வாழ்க்கையைப் படம்பிடித்தார். 1996-இல் அந்தப் படம் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. உங்கள் வீட்டுப் பந்தியிலும் அந்தக் காலத்துத் தஞ்சாவூர் உட்கார்ந்திருக்கிறது.

கே: பென்டிரைவில் வந்தாயிற்று. சுருளைத் தூக்கிப் போடலாமா? (வாசகர், கோவை)

ப: கூடவே கூடாது. அசல் அதுதான், கையில் இருப்பது நகல். டிவிடியில் மாற்றி நிம்மதியானவர்கள் இன்று டிவிடி பிளேயருக்கு அலைகிறார்கள். நகலை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்து, ஒன்றை வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். சுருளை வீட்டிலேயே குளிர்ச்சியான, ஈரமில்லாத அறையில் வையுங்கள். டின் மேல் வருடத்தையும் பெயர்களையும் இன்றைக்கே எழுதி ஒட்டுங்கள்.