சின்னக் கோளாறைப் பெரிய பில்லாக்குவது எப்படி?

மாருதி 800 தயாரிப்பை 2014 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். ஓட்டுகிறவர்கள் நிறுத்தவில்லை. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் காரின் சாவியை எடுத்துக் கொடுத்ததிலிருந்து இந்தியாவில் மட்டும் 26 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி அது. அதில் ஒன்று உங்கள் வீட்டு வாசலில், வேப்பஞ்சருகும் காக்கா எச்சமுமாக நிற்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். மீட்டர் ஒன்றரை லட்சம் காட்டும். நடுவில் மீட்டர் கேபிள் அறுந்து, அதை மாற்றாமலேயே எத்தனை மாதம் ஓட்டினீர்கள் என்பது உங்களுக்கும் டாஷ்போர்டுப் பிள்ளையாருக்கும்தான் தெரியும்.

அந்த என்ஜின் 796 சி.சி., மூன்றே சிலிண்டர். தானாகப் பெரிய செலவு வைக்கும் சாமர்த்தியம் அதற்குக் கிடையாது. ஒரு ஹோஸ் கிளிப்பில் ஆரம்பிக்கும் கசிவை என்ஜின் இறக்கும் வேலை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க, வண்டிக்காரரின் முழு ஒத்துழைப்பு வேண்டும். அதை எப்படிக் கொடுப்பது என்பதற்குத்தான் இந்தக் கையேடு. மாருதி இல்லாதவர்களும் பயன்படுத்தலாம்; சான்ட்ரோ, இண்டிகா, பழைய ஆல்டோ எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதல் விதி, எதையும் பார்க்கக் கூடாது. டாஷ்போர்டில் மஞ்சளாக என்ஜின் படம் போட்ட விளக்கு எரிந்தால் அதன்மேல் சின்னதாக ஒரு முருகன் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பக்திக்குப் பக்தி, கண்ணும் கூசாது. அந்த மஞ்சள் விளக்காவது சில நாள் பொறுக்கும். எண்ணெய்க் கிண்டி படம் போட்ட சிவப்பு விளக்கு அப்படியில்லை. அது ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் விளக்கு அல்ல, ஆயிலின் அழுத்தம் போய்விட்டது என்று சொல்லும் விளக்கு. பார்த்த இடத்திலேயே ஓரங்கட்டி என்ஜினை அணைக்க வேண்டும். ஆனால் இந்தக் கையேட்டின்படி நீங்கள் சொல்ல வேண்டியது: "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்." க்ராங்க் ஷாஃப்ட் பேரிங்குகளைத் தீர்த்துக்கட்ட நாலு கிலோமீட்டர் தாராளம்.

அடுத்தது ஆலோசனை. வண்டியைப் பார்க்காதவரிடம்தான் கேட்க வேண்டும். ஒரு காலத்தில் அம்பாசிடர் வைத்திருந்த சித்தப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

"கார்ப்பரேட்டரைக் கழட்டிக் கழுவச் சொல்லுப்பா."

"இதுல கார்ப்பரேட்டர் இல்ல சித்தப்பா. எம்.பி.எஃப்.ஐ."

"அப்ப அதைக் கழட்டிக் கழுவச் சொல்லு."

காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. உடனே புது பேட்டரி வாங்குங்கள். இரண்டு வாரத்தில் அதே 'டக்'. இப்போது செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ஆர்மேச்சர் கட்டக் கொடுங்கள். அது வந்து மாட்டியும் சரியாகவில்லையா? இருக்கவே இருக்கிறது ஆல்டர்நேட்டர். இந்த மூன்றுக்கும் செலவழித்து முடிக்கும்வரை யாரையும் பேட்டரி டெர்மினல் பக்கம் விட்டுவிடாதீர்கள். அங்கே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் போல்ட்டை இறுக்கினால் பாதி வண்டிகள் ஸ்டார்ட் ஆகிவிடும். ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும் என்பதும் ஆபத்து: ஓடாமல் நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், என்ஜின் ஓடும்போது 14 பக்கம் ஏற வேண்டும். ஏறினால் ஆல்டர்நேட்டர் பிழைத்தது. ஆகவே வீட்டில் மல்ட்டிமீட்டர் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சூடேறும் வண்டியில்தான் நம் திறமை முழுதாக வெளிப்படும். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஃபேன், மூடி, நாலைந்து ரப்பர் ஹோஸ், இவ்வளவுதான் மொத்த ஏற்பாடு. ஊசி சிவப்பைத் தொட்டது என்று நீங்கள் வாயைத் திறந்ததுமே மெக்கானிக்கின் கை தெர்மோஸ்டாட்டுக்குப் போகும். "இதெல்லாம் குளிர் தேசத்துக்கு வெச்சது சார். நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று கழற்றி உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். "கரெக்ட்டுண்ணே" என்று நீங்களும் வாங்கிக்கொள்ள வேண்டும். என்ஜின் 80 டிகிரியைத் தாண்டும் வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்து வைப்பதுதான் அந்த வால்வின் வேலை. அது போனபின் என்ஜின் வேண்டிய சூட்டுக்கு வந்து சேரவே நேரம் எடுக்கும். வண்டி இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். தேய்மானமும் கூடும். மைலேஜ் விழுந்தது ஏன் என்று ஆறு மாதம் கழித்து வேறொரு மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பிறகு ஃபேன். சூட்டைப் பார்த்து ஃபேனை ஓடவிடும் ஸ்விட்ச் ஒன்று உண்டு. அது போனால் புதுசு மாட்டலாம். மாட்ட மாட்டார்கள். "டைரக்ட் பண்ணிடலாம் சார்" என்பார்கள். சாவி போட்டதும் ஓடத் தொடங்கி, சாவி எடுக்கும்வரை ஃபேன் நிற்காது. தமிழ்நாட்டில் பத்து வருஷம் ஓடிய எந்த வண்டியின் பானெட்டைத் தூக்கினாலும் ஏதாவது ஒன்று டைரக்ட்டாக இருக்கும். கூலண்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் போர் தண்ணீர் ஊற்றுவதும் இதே வகைச் சிக்கனம்தான். குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் சத்தமில்லாமல் படியும். இவ்வளவும் முடிந்த பிறகு, கீழ் ஹோஸின் கிளிப் தளர்ந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்த அந்தத் தண்ணீர், இன்னமும் விழுந்துகொண்டுதான் இருக்கும்.

இந்த நிலையில் வண்டியைக் குடும்பத்தோடு மலைக்கு எடுத்துப் போவது உத்தமம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவதுக்கு முன்பே ஊசி ஏறத் தொடங்கினால் செய்ய வேண்டியது, ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திறந்து ப்ளோயரை உச்சத்தில் வைப்பது. ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான்; என்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். மெக்கானிக்குகளே பலர் நம்பாத வைத்தியம் இது. பின் சீட்டில் மாமியார் இருந்தால் விளக்கிச் சொல்வதற்குள் ஹெட் கேஸ்கட் போய்விடும்.

அப்புறம் வண்டி நின்று, பானெட் இடுக்கில் ஆவி வரும். இறங்கியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். இந்த ஒரு இடத்தில் மட்டும் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன், திறக்காதீர்கள். உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பது அந்த மூடி பிடித்திருக்கும் அழுத்தத்தால்தான். திருகிய நொடியில் அழுத்தம் போய், கொதிநீரும் ஆவியுமாக முகத்துக்கு நேரே பீய்ச்சும். அரை மணி, முக்கால் மணி காத்திருந்து, மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு, துணி போட்டு மெல்லத் திருக வேண்டும். சூடான என்ஜின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. ஹெட் அலுமினியம், விரிசல் விடலாம்.

விளையாட்டுக்குத் திரும்புவோம். நீங்கள் காத்திருக்கவில்லை, தண்ணீர் ஊற்றி ஊற்றியே மலையேறி இறங்கிவிட்டீர்கள். மறுநாள் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறம் பால் தூக்கலாகக் கலந்த காபி நிறத்தில் கொழகொழவென்று ஒட்டியிருக்கும். வாழ்த்துகள். சூட்டில் ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டன. இனி ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் பிடித்து, கேஸ்கட் மாற்றி, கழற்றியது கழற்றியாயிற்று என்று வால்வு, டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாம் பார்த்து... ஒரு ஹோஸ் கிளிப்பை வைத்துக்கொண்டு இதற்குமேல் யாரும் சாதிக்க முடியாது.

புகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதுவே நிறத்தில் சொல்லிவிடும். கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதலாக எரிகிறது. விடாத வெள்ளை என்றால் தண்ணீர் எரிகிறது. மார்கழி விடியலில் இரண்டு நிமிடம் வந்து மறைவதை எண்ண வேண்டாம். நீலம் என்றால் ஆயில். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒரு முறை நீலம் வந்தால் பெரும்பாலும் வால்வு சீல். மிதிக்க மிதிக்க வந்தால் பிஸ்டன் ரிங். உறுதி செய்ய இலவசச் சோதனை ஒன்று உண்டு. என்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது ஆயில் மூடியைத் திருகி எடுத்து, அந்த ஓட்டையின்மேலேயே கவிழ்த்து வையுங்கள். மூடி லேசாக நடுங்கினால் வயசுக்குச் சரி. தடதடவென்று ஆடித் தூக்கி எறிந்தால், எரிந்த காற்று ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைச் செய்து பார்க்கக் கூடாது என்று விற்பவர்கள் ஆசைப்படுவார்கள். அவர்கள் மனதை நோகடிக்காதீர்கள். விற்கும் வாரத்தில் கெட்டியான ஆயில் ஊற்றிப் புகையை அடக்கி வைத்திருப்பார்கள், பாவம்.

மூன்று சிலிண்டரில் ஒன்று வேலைநிறுத்தம் செய்தால் ஸ்டியரிங், சீட், கண்ணாடி, உங்கள் பல் எல்லாமே ஆடும். எது வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும்போது ப்ளக் ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகள் வழக்கம். எந்த ஒயரை எடுத்தும் ஓட்டத்தில் மாற்றமில்லையோ அதுதான் குற்றவாளி. ஷாக் அடித்தால் மறக்க மாட்டீர்கள். எலெக்ட்ரானிக் வண்டிகளில் அது கம்ப்யூட்டருக்கும் ஆகாது. கைக்குள் அடங்குகிற ஸ்கேனர் ஒன்றைப் போனோடு சேர்த்தால் புது வண்டிகளில் பி0301, பி0302, பி0303 என்று சிலிண்டர் எண்ணையே சொல்லிவிடும். அதற்குப் பிறகும் குத்துமதிப்பாக மூன்று காயிலையும் மாற்றச் சொல்பவரே நம் ஆள். ப்ளக்கைக் கழற்றி நுனியைப் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். இளம் பழுப்பாக இருந்தால் நலம், கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல், ஈரமாக மினுங்கினால் ஆயில் என்று அந்த நுனி சொல்வதைக் கேட்டுவிட்டால் பில் சிறுத்துவிடுமே.

சத்தங்களுக்குத் தனி குணம் உண்டு. ஷெட்டுக்குப் போனால் அடங்கிவிடும். "என்ன சத்தம் சார்?" "டிக்குடிக்குன்னு." "இப்ப வரலியே?" மேலே மெல்லிசாக 'டிக் டிக்' என்றால் டேப்பெட், வண்டி ஓடும். கீழே ஆழத்திலிருந்து 'டொக் டொக்' என்றால் பேரிங், ஓட்டக் கூடாது. ரேடியோ சத்தத்தைக் கூட்டினால் இரண்டும் கேட்காது.

எலி கடித்த ஒயருக்கு ஈ.சி.எம். என்கிற என்ஜின் கம்ப்யூட்டரையே மாற்றியவர்கள் உண்டு, அதனால் இரண்டு வாரம் நிறுத்தி வைத்த வண்டியில் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிடாதீர்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருகிறது. அதை எதிர்பார்க்காத காலத்து ரப்பர் ஹோஸும் கேஸ்கட்டும் ஊறி, வெடித்து, கசியலாம். என்ஜின் அறையில் பெட்ரோல் வாடை வந்தால் "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று சொல்லிச் சமாதானமாவதுதான் இந்தக் கையேட்டின் நெறி. நெருப்பு வந்தால் நெறி மாறும்.

இதையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்தவருக்குக் கடைசியில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் இருக்கிறது. 15 வயது தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வயதைத் தாண்டியவற்றுக்கு 10,000 என்றார்கள். அந்தப் பணத்தைக் கட்டுமுன் என்ஜினைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, காலடி மேட்டைத் தூக்கித் தரைத் தகட்டைப் பாருங்கள். என்ஜினைப் பிரித்துக் கட்டிவிடலாம், பாகங்கள் சென்னை புதுப்பேட்டையில் இன்னும் கிடைக்கும். துரு தின்ற பாடிக்கு அப்படி ஒரு வழி கிடையாது. அந்த வண்டியை விட்டுவிடலாம்.

தகடு கெட்டியாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை, என்ஜின் ஆறியிருக்கும்போது, சமதரையில் நிறுத்தி ஆயில் ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அப்படியே குனிந்து அந்த ஹோஸ் கிளிப்பையும் ஒரு திருகு.