தைவதம் தொடாத மனிதர்

லோதி ரோடு வாசகர்: ஹேபிடட் சென்டரில் செல்லோ கச்சேரிக்கு பாஸ் கிடைத்திருக்கிறது சார். எங்கே கைதட்டுவது?

பதில்: பக்கத்து சீட்டுக்காரர் தட்டியதும் தட்டுங்கள். அவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் பொறுப்பில்லை.

கரோல் பாக் வாசகி: செல்லோ என்பது பெரிய வயலின்தானே?

பதில்: தவிலைப் பெரிய கஞ்சிரா என்பீர்களா? மெட்டில்லாத வாத்தியம், கமகம் வழுக்கிக்கொண்டு வரும். அது வராத பாவத்துக்குத்தான் 1940இல் ஆர்மோனியத்தை நம் வானொலி வெளியே நிறுத்தியது!

ஆர்.கே.புரம் வாசகர்: வாயே திறக்காத இசையில் அரசியல் எப்படி சார் வரும்?

பதில்: தேதி வழியாக வரும். 1968 ஆகஸ்ட் 21, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். மேடையில் சோவியத் அரசு ஆர்கெஸ்ட்ரா. முந்தின இரவுதான் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்திருந்தன. ஏற்கெனவே அச்சான நிரலிலோ, செக்காரர் த்வோர்ஷாக்கின் செல்லோ கன்செர்ட்டோ! நியூயார்க்கில் ஊர் ஏக்கத்தோடு இருந்தபோது அவர் எழுதியது. அரசியல் வாடையே கிடையாது. மாஸ்கோக்காரர் ரோஸ்ட்ரோபோவிச் கண்ணீர் வழிய வாசித்தார். முடித்ததும் த்வோர்ஷாக்கின் ஸ்வரப் பிரதியைத் தூக்கிக் காட்டினார். பேச்சு ஒன்றும் இல்லை.

மயிலாப்பூர் வாசகர்: அதில் தனி உண்டா? காபிக்கு எழுந்து போகலாமா?

பதில்: நண்பர் விஹான் ஒரு தனி எழுதிக் கொடுத்தார். சேர்க்கவே மாட்டேன் என்று த்வோர்ஷாக் ஒரே பிடிவாதம். இடைவேளை வரை உட்காருங்கள்.

லோதி ரோடு வாசகர் (மறுபடியும்): அன்றைக்கு இரண்டாம் பாதியில் ஷோஸ்டகோவிச்சின் பத்தாவது சிம்பொனியாமே. ஸ்டாலினைப் பற்றியதா?

பதில்: ஸ்டாலின் இறந்தது 1953 மார்ச், சிம்பொனி அரங்கேறியது அதே டிசம்பர். இரண்டாம் பகுதி ஸ்டாலினின் உருவப்படம் என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. இருவரும் ஒப்புக்கொள்வது கையெழுத்தை மட்டும். தன் பெயரெழுத்துகளை ஜெர்மன் ஸ்வரப் பெயர்களாக்கி நாலு ஸ்வரம் பதித்திருக்கிறார். ஸி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் ரி-க-ஸ-நி. தீட்சிதருக்கு 'குருகுஹ' போல இவருக்கு இந்த முத்திரை. சிம்பொனி முடிகிற இடத்தில் டிம்பனியே அதை அடித்து முழக்குகிறது. அவர் போய்விட்டார், நான் இருக்கிறேன் என்று எனக்குக் கேட்கிறது. உங்களுக்கு வேறு ஏதாவது கேட்கலாம்.

மாம்பலம் வாசகி: அந்த ரி-க-ஸ-நி என்ன ராகம் சார்?

பதில்: சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், காகலி நிஷாதம். கீரவாணியா, கௌரிமனோகரியா? தைவதத்தைத் தொட்டால் சொல்லிவிடலாம். தொடவில்லையே! ஸ்டாலின் காலத்தில் பிழைத்திருந்தவர் அம்மா அவர்.