கைராசி டாக்டராக நீடிப்பது எப்படி?

முதுகுளத்தூரில் மாலை ஆறு மணிக்கு கிளினிக் ஷட்டரைத் தூக்கும் டாக்டருக்குப் பட்டம் ஒரு பொருட்டில்லை. கைராசிதான் சோறு போடும். அதைக் கட்டிக்காக்கும் வழிகளைக் கீழே தருகிறேன். பாதிக்கு மேல் நீங்கள் ஏற்கெனவே செய்துவருபவைதான். மிச்சத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

1. யாரையும் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்.

சித்திரங்குடிப் பக்கமிருந்து பஸ் பிடித்து, இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி வருகிறாள். "மூணு நாளா ராத்திரியெல்லாம் இருமுறான் சார்." வெறும் சளி. ஒரு வாரத்தில் தானாகவே போய்விடும். வெந்நீர் கொடும்மா, மூச்சு இழுத்து வாங்கினால் உடனே தூக்கிட்டு வா என்று விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். சொல்லி முடித்த பிறகும் அவள் உங்கள் பேனாவையேதான் பார்த்துக்கொண்டிருப்பாள். எழுதாமல் விட்டால், "காசை வாங்கிட்டு ஒண்ணுமே தரலை" என்ற பேச்சு பஸ் ஸ்டாண்டு வரை போகும். சிரப் பெயர் எழுத ஐந்து வினாடி போதும். எழுதுங்கள்.

2. வீடு எங்கே என்று கேட்கவே கேட்காதீர்கள்.

கேட்டால், வீட்டுக்குப் பின்னாலேயே கரிமூட்டம் போட்டிருக்கிறார்கள் என்பாள். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, நாள்கணக்கில் புகையவிடுகிறார்கள். மாசி, பங்குனியில் கேட்டால் களத்தில் குண்டு மிளகாய் காய்கிறது, கமறுகிறது என்பாள். புகைக்கும் நெடிக்கும் எந்தக் கம்பெனியும் சிரப் போடவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் மருந்து எழுதக் கை கூசும். தெரிந்துகொள்ளாதீர்கள்.

3. எழுதுவதென்று ஆனபின் ஒற்றை மருந்தை எழுதாதீர்கள்.

பாராசிட்டமால், ஃபினைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின் மூன்றும் ஒரே பாட்டிலில் இருந்தால் மூன்று டாக்டரைப் பார்த்த திருப்தி. இதில் பின்னிரண்டும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பாட்டிலில் அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2023 டிசம்பரில் உத்தரவிட்டார். அந்த எழுத்து பொடி எழுத்து. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் தெரியாது. அதே ஆண்டு செப்டம்பரில், வாய்வழியாகக் கொடுக்கும் ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்பைத் தீர்ப்பதில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொன்னது. அமெரிக்க மூக்கு வேறு, ராமநாதபுரத்து மூக்கு வேறு என்று நகருங்கள்.

4. மருத்துவ இதழ் வாங்காதீர்கள். மெடிக்கல் ரெப் வருகிறார் அல்லவா? அவர் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் சொல்லுவதுதான் ஆராய்ச்சி. போகும்போது பேனாவும் வைத்துவிட்டுப் போவார்.

5. எச்சரிக்கை வந்தால், அது எவ்வளவு தூரம் என்பதை முதலில் அளந்துவிடுங்கள்.

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகள் இறக்கத் தொடங்கினார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். முதலில் சளி, காய்ச்சல். பிறகு சிறுநீர் நின்றது. பிறகு சிறுநீரகம் செத்தது. இருபதுக்கும் மேல் போய்விட்டார்கள். அது சிந்த்வாரா, நமக்கென்ன என்று சொல்லிப் பழகுங்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் குடித்த கோல்ட்ரிஃப் சிரப் தயாரானது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில். சரி, அதுவும் முதுகுளத்தூருக்குத் தூரம்தான் என்று அடுத்த படிக்குப் போங்கள்.

அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எஸ்ஆர்-13 என்ற தொகுதியைச் சோதித்தது. டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதி 0.1 சதவீதம். இது தொழிற்சாலைக் கரைப்பான். இனிக்கும், அதனால் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் குடிக்கும். மருந்துக்கென்று சுத்தம் செய்த புரொப்பிலீன் கிளைக்கால் இருக்கவேண்டிய இடத்தில் இது வந்து உட்கார்ந்திருந்தது. பாட்டிலின் லேபிளில் இதில் ஒன்றும் தெரியாது. எனவே லேபிளைப் படித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருங்கள். மாதிரி எடுத்தார்களா, கரைப்பானைச் சோதித்தார்களா என்று எந்தக் கம்பெனியையும் கேட்காதீர்கள். கேட்டால் ரெப் முகம் வாடும்.

இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து எழுதவே வேண்டாம், ஐந்துக்குக் கீழ் பொதுவாகத் தேவையில்லை என்று அதே அக்டோபரில் மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகமும் சொன்னது. பொங்கலுக்குள் மறந்துவிடலாம்.

6. ஒவ்வொரு முறையும் இதுதான் முதல் முறை என்று அதிர்ந்துபோங்கள்.

1937 அமெரிக்கா, நூறு பேருக்கு மேல். 1972 மெட்ராஸ், குழந்தைகள். ஆமாம், நம் மெட்ராஸ்தான். 1986 மும்பை ஜே.ஜே. மருத்துவமனை. 2022 காம்பியா, மறுபடி குழந்தைகள். எல்லாவற்றிலும் இதே டைஎத்திலீன் கிளைக்கால். அடுத்தது வரும்போதும் வாயைப் பிளக்க மறக்காதீர்கள்.

7. உங்கள் மேசை இழுப்பறையிலிருந்து கொடுக்கும் மருந்தை வெள்ளைக் கவரில் போடுங்கள். பெயர், தொகுதி எண், தேதி எதுவும் வேண்டாம். தாய் கேட்டால் "சளி மருந்துதாம்மா" என்று சொல்லுங்கள். அவளுக்கு எது என்று தெரியாவிட்டால் வேறு யாருக்கும் தெரியாது.

8. நான்காம் நாள் அவள் திரும்பி வருவாள். "நேத்துலேர்ந்து ஒண்ணுக்கே போகலை சார்."

இது முக்கியமான கட்டம், கவனமாக இருங்கள். என்ன குடித்தான் என்று கேட்காதீர்கள். பாட்டிலை எடுத்து வா என்று சொல்லவே சொல்லாதீர்கள். பாட்டில் இருந்தால் சோதித்துவிடுவார்கள். "தண்ணி நிறையக் குடும்மா" என்று சொல்லிவிட்டு மதுரைக்கு எழுதிவிடுங்கள். சீட்டில் கொடுத்த மருந்தின் பெயர் இடம்பெற வேண்டாம். போன வாரமும் இப்படி ஒரு பிள்ளை வந்ததே என்று தோன்றினால், அந்த நினைப்பை அப்படியே முறித்துவிடுங்கள். இரண்டையும் கூட்டிப் பார்க்கிற டாக்டரால்தான் வம்பே.

1937இல் துல்சா என்ற ஊரில் சில டாக்டர்கள் அந்தத் தப்பைச் செய்தார்கள். சிறுநீர் நின்று சாகிறவர்களை எண்ணிப் பார்த்தார்கள். எல்லாரும் குடித்தது ஒரே சல்ஃபனிலமைடு திரவம் என்று கண்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்குத் தந்தி அடித்தார்கள். அடுத்த ஆண்டு, மருந்தைச் சந்தைக்கு விடுமுன் அது பாதுகாப்பானதென்று காட்டவேண்டும் என்ற சட்டமே வந்துவிட்டது.

9. நம் ஊரில் தந்தி 2013 ஜூலையோடு போய்விட்டது. நல்ல சாக்கு, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்கப் படிவம் இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை வாங்கிக்கொள்கிறது. நிரூபிக்கத் தேவையில்லை, சந்தேகம் போதும். எழுதியவர் பெயரை வெளியே சொல்வதில்லை. நோயாளிக்கும் தனிப் படிவம் உண்டு, தமிழிலேயே. இவ்வளவு வசதி இருப்பது தெரிந்தால் தாய்மாரே எழுதத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே இந்தக் கட்டணமில்லா எண்ணை மட்டும் கிளினிக் சுவரில் ஒட்டிவைத்துவிடாதீர்கள்: 1800-180-3024.