மூச்சுக்குப் பூட்டு

குடித்துவிட்டு வண்டி ஓட்டியது முதல் குற்றமே ஆயினும், மூச்சில் ஆல்கஹால் குறித்த அளவைத் தாண்டினால் எஞ்சினைக் கிளம்பவிடாத பூட்டைக் காரில் பொருத்தியாக வேண்டும் என்று அமெரிக்காவிலேயே முதன்முதலாக நியூ மெக்சிகோ மாநிலம் 2005இல் விதித்தது. அதற்கான வாடகையைப் பெரும்பாலும் குற்றவாளியே செலுத்துவதால், தம்மைச் சந்தேகிக்கும் காவலருக்குத் தாமே சம்பளம் கொடுக்கும் பேறு அவருக்கு வாய்க்கிறது. புறப்பட்ட பின்னும் அவ்வப்போது ஊதச் சொல்லும் அக்கருவி, நெடி கண்டால் ஓடும் வண்டியை நிறுத்துவதில்லை (நடுச்சாலையில் நிறுத்துவது ஆபத்தல்லவா). பதிவு செய்துகொண்டு, சில வண்டிகளில் ஹாரன் அடித்து ஊரையும் கூட்டுகிறது. ஒஹாயோவிலோ, குடித்து ஓட்டிச் சிக்கியபின், வேலை போன்ற குறித்த தேவைகளுக்கு மட்டும் வண்டி ஓட்ட இசையும் வரையறுத்த உரிமம் பெறுவோர் பலருக்கு சிவப்பு எழுத்துகள் கொண்ட மஞ்சள் எண்பலகையும் உடன் வழங்கப்படுவதால், அதே காரில் சர்ச்சுக்குப் போகும், தேநீரன்றி வேறெதுவும் தொடாத மனைவியாருக்கும் 'குடித்து ஓட்டியவர்' என்ற பட்டம் செலவின்றிக் கிடைத்துவிடுகிறது.