இரண்டு மொழி பேசும் வயிற்றுவலி

கேள்வி: 'எனக்கு அப்பெண்டிக்ஸ்' என்று சொல்லி லீவு கேட்கிறார் உடன் வேலை பார்ப்பவர். கொடுக்கலாமா?

பதில்: அப்பெண்டிக்ஸ் உங்களுக்கும்தான் இருக்கிறது, பிறந்ததிலிருந்தே! பெருங்குடலின் தொடக்கத்தில் புழு மாதிரித் தொங்கும் குடல்வாலின் பெயர் அது. அவருக்கு வந்திருப்பது அப்பெண்டிசைட்டிஸ், அதாவது குடல்வால் அழற்சி. லீவைக் கொடுங்கள். வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தால் உடனே மருத்துவமனைக்கும் அனுப்புங்கள்.

கேள்வி: அப்பெண்டிசைட்டிஸ் எந்த மொழிச் சொல்?

பதில்: தலை லத்தீன், வால் கிரேக்கம். லத்தீனில் 'அப்பெண்டேரே' என்றால் தொங்கவிடுவது. கிரேக்க 'ஐடிஸ்' வெறும் விகுதி. 'அதைச் சார்ந்த' என்பதுதான் ஆதிப் பொருள். மூட்டைச் சார்ந்த நோயை 'ஆர்த்ரைடிஸ் நோசோஸ்' என்றார்கள். நோயைக் குறித்த 'நோசோஸ்' நாளடைவில் உதிர்ந்துபோக, விகுதியே நோயைச் சுமக்கத் தொடங்கியது. அழற்சி என்ற குறிப்பான பொருள் பிறகு வந்து ஏறியது. டான்சிலைட்டிஸும் இதே கலப்புதான்.

கேள்வி: ஒட்டுப்போட்டவர் யார்? பண்டிதர்கள் சும்மா விட்டார்களா?

பதில்: ஹார்வர்டு மருத்துவர் ரெஜினால்டு ஃபிட்ஸ், 1886-இல். பண்டிதர்கள் முணுமுணுத்தார்கள். முழுக்கக் கிரேக்கமாக 'எபிடிஃப்ளைட்டிஸ்' என்றொரு பெயரும் வந்தது, நிலைக்கவில்லை. ஃபிட்ஸுக்கு முன்பு வழங்கிய பெயர் 'டிஃப்ளைட்டிஸ்'. 'டிஃப்ளோஸ்' என்றால் பார்வையற்றது. ஒருபக்கம் வழி அடைபட்ட பை என்பதால் பெருங்குடலின் முதல் பகுதிக்குக் குருட்டுக்குடல் என்று பெயர்; நோய் அங்கேதான் தொடங்குகிறது என்று நம்பினார்கள். சுத்தமான கிரேக்கம்தான். ஆனால் திருடனை விட்டுப் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்த பெயர்! குடல்வாலில் ஓட்டை விழுந்த 257 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, பெரும்பாலும் கோளாறு குடல்வாலில்தான் என்று ஃபிட்ஸ் காட்டினார். சீக்கிரமே அறுவை செய்யுங்கள் என்றும் வற்புறுத்தினார். சொல் கலப்படமானால் என்ன, கத்திக்குச் சரியான முகவரி கிடைத்ததே!

கேள்வி: டிஃப்ளைட்டிஸும் டைஃபாய்டும் சொந்தமா?

பதில்: நோய்களுக்குள் ஒட்டுமில்லை, உறவுமில்லை; சொற்களின் ஆதி வேர் ஒன்றாக இருக்கலாம். டைஃபாய்டின் வேர் 'டைஃபோஸ்', புகை. காய்ச்சலில் அறிவு மங்கிக் கிடக்கும் நிலைக்கு வைத்த பெயர்.

கேள்வி: அப்பெண்டிசைட்டிஸ் என்ற சொல் சாதாரண மக்கள் வாய்க்கு எப்படி வந்தது?

பதில்: ஒரு ராஜாவின் வயிற்றுவலியால். 1902 ஜூன் 26 அன்று லண்டனில் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா நடப்பதாக இருந்தது. இரண்டே நாளுக்கு முன் அறுவை. அறுவை மருத்துவர் ஃபிரடெரிக் டிரீவ்ஸ் சீழை வடித்தார், குடல்வாலை எடுக்கவில்லை. விழா தள்ளிப்போய், ஆகஸ்ட் 9-இல் மன்னர் முடிசூடினார். ஊரெல்லாம் அப்பெண்டிசைட்டிஸ் பேச்சு. ஆக்ஸ்போர்டு அகராதியிலோ அந்தச் சொல்லே அப்போது இல்லை. அந்த எழுத்துகளுக்கான பகுதி 1885-லேயே அச்சாகிவிட்டது.